மசாய் மாராவில் ஒரு நாள்: முதல்முறை சஃபாரி போகிறவர்களுக்கு

போன ஆகஸ்டில் நானும் மனைவியும் கென்யா போய் வந்தோம். அங்கே மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் மூன்று நாள். அதில் முதல் நாளை நானே கெடுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள்தான் சூட்சுமம் பிடிபட்டது. அந்த ஒரு நாள் எப்படிப் போகும், எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் இந்தப் பதிவு. விமானம், இடிஏ (இணையத்தில் வாங்கும் பயண அனுமதி), தங்குமிடம் எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முந்தின இரவே ஓட்டுநரிடம் பேசுங்கள்

காலை ஐந்தரைக்கு எழுவதிலிருந்து நாள் தொடங்குகிறது என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். என்னைக் கேட்டால் அது முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்குகிறது.

முதல் நாள் நான் ஓட்டுநரிடம் எதுவும் பேசவில்லை. ஏறி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். வண்டியில் ஒரு ரேடியோ இருக்கும். மற்ற ஓட்டுநர்கள் எங்கே என்ன கண்டார்கள் என்று ஸ்வாஹிலியில் கரகரத்துக்கொண்டே இருக்கும். 'சிம்பா' என்று ஒரு சொல் விழுந்ததும் எங்கள் வண்டி பறந்தது. சிம்பா என்றால் சிங்கம். போய்ச் சேர்ந்தால் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு வண்டிகள். புதருக்குள் ஒரு வால் மட்டும் தெரிந்தது. சிங்கம் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம்கூடப் படுத்தே கிடக்கும் என்பதை அப்போது யோசிக்கவில்லை. அங்கிருந்து இன்னொரு அழைப்பு, இன்னொரு ஓட்டம். சாயங்காலம் திரும்பியபோது தலை முழுக்கப் புழுதி, இடுப்பில் வலி, கேமராவில் வால்.

அன்று இரவு ஓட்டுநரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். “நீங்கள் சொல்லவே இல்லையே! வருகிறவர்கள் எல்லாரும் சிங்கம், யானை, எருமை, சிறுத்தை, காண்டாமிருகம் என்று ஐந்தையும் எண்ணிக்கொண்டுதான் வருவார்கள். காட்டாவிட்டால் என் மேல்தான் கோபம்” என்றார்.

நியாயம்தானே! அதனால் இந்த மூன்றையும் முதல் இரவே சொல்லிவிடுங்கள்:

- பட்டியல் முக்கியமில்லை, ஒரு விலங்கைப் பார்த்தால் அங்கேயே நிதானமாக இருக்கலாம்.
- கூட்டம் சேர்ந்தால் நகர்ந்துவிடலாம்.
- காலை உணவைக் கட்டி எடுத்துக்கொள்வோம். திரும்பி வர அவசரமில்லை.

கடைசி வரிதான் தங்கம். பெரும்பாலான வண்டிகள் எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் காலைச் சாப்பாட்டுக்காக முகாமுக்குத் திரும்பிவிடும். காடு காலியாகும்.

படி 2: ஐந்தரை மணி

எழுவது கஷ்டமே இல்லை. கென்ய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே ஐந்தரை என்றால் உங்கள் உடம்புக்கு எட்டு மணி.

குளிர்தான் விஷயம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து அரைக்கை டி-சர்ட்டோடு போனவன் நான். மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, ஏறக்குறைய ஏற்காட்டு உயரம். அதிலும் கூரை தூக்கிய லேண்ட் க்ரூசரில் காற்று முகத்தில் அறையும். ஒரு ஸ்வெட்டர், மேலே ஒரு ஜாக்கெட், தலைக்கு மங்கி குல்லா. ஸ்டைல் பார்க்காதீர்கள். பத்து மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம்.

சாய் கொடுப்பார்கள் (அங்கேயும் அதே பேர்தான், சப்பாத்திக்கும் அப்படியே). அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் படி 4-இல்.

படி 3: ஆறு முதல் ஒன்பதரை வரை

காப்பகக் கதவு ஆறு மணிக்குத் திறக்கும். பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஆறரையை ஒட்டியே விடியும். முதல் வண்டிகளில் ஒன்றாக உள்ளே போய்விடுங்கள்.

இரண்டாம் நாள் காலை நாங்கள் ரேடியோவைக் கண்டுகொள்ளவில்லை. ஏழரை மணி இருக்கும், ஒரு கரையான் புற்றின் மேல் சிவிங்கிப்புலி (சீட்டா) ஒன்று ஏறி நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். தூரத்தில் தாம்சன் கெசல் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அது இறங்கியது, புல்லோடு புல்லாகப் பதுங்கியது, உட்கார்ந்தது, மறுபடி நகர்ந்தது. ஒன்றரை மணி நேரம் இப்படியே. கடைசியில் பாய்ந்தது, மான் தப்பிவிட்டது. சிவிங்கி மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வண்டியின் நிழலிலேயே வந்து படுத்தது. அந்தப் பயணத்தில் நான் பார்த்தது என்று சொன்னால் அதுதான்.

இங்கே ஒரு சொல் விஷயம். நம் ஆட்கள் சீட்டாவையும் சிறுத்தை என்கிறார்கள், லெப்பர்டையும் சிறுத்தை என்கிறார்கள். கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்க் கோடு போல் கறுப்பாக இறங்கினால் அது சிவிங்கி. இந்தச் சொல் நம்மிடம் பழையதுதான், ஒட்டகச்சிவிங்கிக்குள் ஒளிந்திருக்கிறது பாருங்கள். ஸ்வாஹிலியில் சிவிங்கி 'டூமா', சிறுத்தை 'சுயி'. இந்த இரண்டையும் சொன்னாலே ஓட்டுநர் முகம் மலரும்.

கருவிகள்: பைனாகுலர் ஆளுக்கு ஒன்று, எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 போதும். பத்து மடங்கு காட்டும் 10x வாங்காதீர்கள், வண்டி ஆட்டத்தில் எல்லாம் நடுங்கும். டிரைபாட் முழு வேஸ்ட், வண்டிக்குள் விரிக்கவே முடியாது. ஒரு துணிப்பையில் ஒரு கிலோ அரிசி போட்டுக் கட்டி ஜன்னலில் வைத்து அதன்மேல் கேமராவை வையுங்கள். அரிசி அங்கேயே வாங்கலாம், கிளம்பும்போது யாரிடமாவது கொடுத்துவிடலாம். புழுதிக்கு நம்ம ஊர் ஈரிழைத் துண்டுக்கு ஈடு எதுவும் இல்லை.

படி 4: டயர் பார்ப்பது

யாரும் எழுதாத படி. காட்டுக்குள் கண்ட இடத்தில் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. அவசரம் என்றால் ஓட்டுநரிடம் “டயர் பார்க்கணும்” என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். சுற்றும் முற்றும் பார்த்து, புதர் இல்லாத வெட்டவெளியில் நிறுத்துவார். வண்டிக்குப் பின்னால், அவ்வளவுதான். புதர் மறைவு வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அந்த மறைவில் ஏற்கெனவே வேறு யாராவது இருக்கலாம்.

படி 5: மதியம்

தூங்குங்கள். வெயிலில் விலங்குகளும் அதைத்தான் செய்கின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை போகிறவர்கள் மட்டும் ஒரு நாள் மதியத்தை மாரா ஆற்றங்கரைக்கு ஒதுக்கலாம். வில்டபீஸ்ட் (மாடு போல் இருக்கும் ஒரு வகை மான்) கூட்டம் ஆற்றைக் கடப்பதற்கு நேரம் காலம் கிடையாது. நாங்கள் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்தன, தண்ணீரைப் பார்த்தன, திரும்பிப் போய்விட்டன.

படி 6: நாலு முதல் ஆறு வரை, அப்புறம் இரவு

காலையைப் போலத்தான், வெளிச்சம் இன்னும் அழகு. ஆறு மணிக்குக் கதவு மூடிவிடும், ஓட்டுநரை இழுத்தடிக்காதீர்கள்.

இருட்டிய பின் கூடாரத்துக்குத் தனியாக நடக்காதீர்கள். 'அஸ்காரி' என்னும் காவலர் டார்ச்சோடு கூட வருவார். ஆற்றோரக் கூடாரம் என்றால் இரவெல்லாம் நீர்யானை உறுமல் கேட்கும். போர்வைக்குள் ஏதோ வெதுவெதுப்பாகத் தட்டுப்பட்டால் அலற வேண்டாம். அது வெந்நீர்ப் பை. என் மனைவி அலறிய அலறலில் அஸ்காரி திரும்ப ஓடி வந்தார்.

பிற்சேர்க்கை 1: காப்பக நுழைவு டிக்கெட் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி–ஜூன் 100 டாலர், ஜூலை–டிசம்பர் 200 டாலர். முன்புபோல் 24 மணி நேரம் அல்ல, காலை 6 முதல் மாலை 6 வரைதான். மதியம் போய்ச் சேர்ந்து அன்றே டிக்கெட் எடுத்தால் பாதி நாள் போச்சு. சேர்ந்த அன்று ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் காலை எடுங்கள்.

பிற்சேர்க்கை 2: ஒரு வாசகருக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயத்தில் சிக்கல் ஆகியிருக்கிறது. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், அட்டையைத் தொலைக்காதீர்கள்.

பிற்சேர்க்கை 3: பிளாஸ்டிக் பையை 2017-லேயே கென்யா தடை செய்துவிட்டது. துணிகளை பாலித்தீன் கவரில் சுருட்டி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மஞ்சப்பைக்கு மாறுங்கள். 2020 முதல் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. வீட்டிலிருக்கும் எவர்சில்வர் பாட்டிலைக் கொண்டுபோங்கள், முகாமில் நிரப்பித் தருவார்கள்.