மீன் வாசத்துக்கு நடுவுல சைவக் குடும்பம் நடத்துறது எப்படி

எங்க ஊர் ராமநாதபுரம் ஜில்லா மண்டபம் பக்கம். இங்க சைவம்னு சொன்னா மொதல்ல மாலை போட்டிருக்கியான்னு கேப்பாங்க, இல்லன்னா ஒடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க. எங்கப்பா ஐஸ் பிளான்ட்ல வேலை பாத்தவரு, சாயங்காலம் கூலியோட ஒரு பை மீனும் வந்துரும், வெள்ளிக்கிழமை தவிர மீன் இல்லாத சோறு நான் பாத்ததில்ல. கட்டிக்கிட்டு வந்த வீடு சுத்த சைவம். பத்து வருஷம் ஓடிருச்சு, பொண்ணுக்கு 9, பையனுக்கு 4, ரெண்டும் மீன் சாப்பிட்டதே இல்ல, நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா நடுவுல நான் ஒரு தடவ நல்லா அடி வாங்கினேன், அத மறைக்காம சொல்லிடறேன்.

சைவத்துக்கு மாறப்போறேன்னு சொல்றவங்க எல்லாரும் புரோட்டினுக்கு என்ன பண்றதுன்னு தான் கேக்குறாங்க. இருக்குறதுலயே ஈசியான விஷயம் அது தான். நம்ம கடக்கரைல மீன் ஒத்த ஆளா அஞ்சு வேலை பாக்குது, புரோட்டின், வைட்டமின் பி12, அயோடின், வைட்டமின் டி, ஒமேகா 3. மீன நிறுத்துற அன்னைக்கே இந்த அஞ்சு வேலைக்கும் வேற ஆள் போடணும். நான் புரோட்டினுக்கு மட்டும் ஆள் போட்டுட்டு மீதி நாலையும் மறந்துட்டேன்.

கல்யாணமாகி நாலாவது வருஷம் கால் பாதம் ரெண்டும் மரத்த மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது, நாக்கு செவசெவன்னு எரியுது. ஒரு கிளினிக்ல காமிச்சேன், கேஸ் டிரபிள்னு மாத்திரை குடுத்தாங்க, ரெண்டு மாசம் முழுங்கினேன். அப்புறம் இன்னொரு டாக்டரம்மா தான் நீங்க என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டாங்க, அந்த ஒரு கேள்வில விஷயம் முடிஞ்சிருச்சு. ரத்தத்துல பி12 பாத்தா 140, இரநூறுக்கு கீழ போனாலே கம்மின்னு கணக்காம். ஊசி போட்டு சரியாச்சு. ஏன் நாலு வருஷம் கழிச்சு வந்துச்சுன்னா ஈரல்ல பழைய சேமிப்பு இருக்குமாம், அத வச்சு ஒடம்பு ரெண்டு மூணு வருஷம் ஓட்டிரும், அதனால சைவத்துக்கு மாறி ஆறு மாசத்துல எனக்கு ஒன்னும் ஆகலையேன்னு யாரும் பெருமை பேசாதீங்க.

பி12 செடி கொடில கெடையாது. இட்லி மாவு புளிக்குதுல்ல அதுல வரும்னு சொல்லுவாங்க, நம்பி இருக்குற அளவுக்கு வராது. முருங்கைக்கீரைலயும் இல்ல. இன்னொரு கூத்து என்னன்னா கீரை பயறு நெறையா சாப்பிடுறவங்களுக்கு ஃபோலேட்ங்கிற வைட்டமின் நல்லா இருக்கும், அது ரத்தசோகைய வெளிய தெரியாம மறைச்சிரும், நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே இருக்கும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு ரெண்டரை மைக்ரோகிராம் வேணும். பால் தயிர் எடுக்குறவங்க தினம் அரை லிட்டர் பக்கம் எடுத்தா ஓரளவு வந்துரும், டீயில ஊத்துற பாலெல்லாம் கணக்குல சேராது. ரேஷன் அரிசில செறிவூட்டுன அரிசி கலந்து வந்தா, எங்க அயித்த பிளாஸ்டிக் அரிசின்னு சொளகுல பொடச்சு தனியா பொறுக்கி எறிவாங்களே, அதுல இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 மூணும் இருக்கு, எறியாதீங்க. ஆனா அதையே நம்பிறவும் முடியாது, கிலோவுக்கு 0.75ல இருந்து 1.25 மைக்ரோகிராம் தான் பி12, நாம ஒரு நாளைக்கு கால் கிலோ அரிசி சாப்பிட்டா என்ன வரும்னு நீங்களே பாத்துக்கங்க. அதனால மாத்திரை தான். பாலும் தொடாத வீகன் ஆளுங்களுக்கு தினம் 10 மைக்ரோகிராமாவது, இல்லன்னா வாரத்துக்கு 2000ன்னு பொதுவா சொல்றாங்க, புள்ளைங்களுக்கு மட்டும் அளவ டாக்டர்ட்ட கேட்டுட்டு குடுங்க.

அடுத்து உப்பு. இது நம்ம ஜில்லாவுக்குன்னே இருக்குற பிரச்சன. வாலிநோக்கம் பக்கம் உப்பளம் இருக்கு, தெருவுல மூட்டை வச்சு கல்லுப்பு விக்கிறாங்க, குழம்புக்கு அது தான் ருசின்னு எல்லா வீட்லயும் ஜாடி நெறைய கெடக்கும். மீன் சாப்பிடுற வீட்டுக்கு அயோடின் மீன்லயே வந்துரும், ஒன்னும் தெரியாது. மீனும் இல்ல, அயோடின் சேக்காத உப்பும் தான்னா தைராய்டு தான் வாங்கிக்கட்டும். ஊறுகாய்க்கு கல்லுப்ப வச்சுக்கங்க, தெனசரி சமையலுக்கு அயோடின் உப்பு பாக்கெட் வாங்குங்க, நம்ம வாலிநோக்கத்துல அரசாங்க உப்புக் கம்பெனி போடுறதே கெடைக்கும். டப்பாவ மூடி வைங்க, அடுப்பு பக்கத்துல வேணாம். கடல்பாசி சாப்பிட்டா அயோடின் வருமேன்னு கேப்பீங்க, வரும், ஆனா எந்த பாசில எவ்வளவுன்னு புடி கெடைக்காது, சிலதுல அளவுக்கு மீறி இருக்கும், அதையும் புள்ளைங்களுக்கு மருந்து மாதிரி குடுக்காதீங்க. பாசில இருக்குற பி12ம் பெரும்பாலும் நம்ம ஒடம்புக்கு ஒதவாத போலி தான். மத்தபடி நோம்பு நேரத்துல கீழக்கரை வீடுகள்ல கடல்பாசி காய்ச்சி ஊத்தி ஆற வச்சு துண்டு போடுவாங்க பாருங்க, அத தேங்காப்பால்ல செஞ்சா வீகன் புள்ளைங்களுக்கு அத விட நல்ல ஸ்வீட் இல்ல.

புரோட்டினுக்கு வருவோம். கணக்கு சிம்பிள், ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் சொச்சம், 55 கிலோ பொம்பளைக்கு 45 கிராம் பக்கம். அம்பது கிராம் துவரம்பருப்புல 11 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலைல 7, ஒரு டம்ளர் பால்ல 6, காஞ்ச மீல்மேக்கர் 25 கிராம்ல 13. அரிசிலயும் கொஞ்சம் வரும். ரேஷன்ல முப்பது ரூவாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு கெடைக்குது, நாலு பேரு இருக்குற வீட்டுக்கு அது பத்தாது, மேல ரெண்டு கிலோ பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை மாத்தி மாத்தி வாங்கி வைங்க. சாம்பார்ல தண்ணியா மெதக்குற பருப்ப புரோட்டின்னு சொல்லி ஏமாத்திக்காதீங்க. கெட்டிப்பருப்பா சோத்துல போட்டு நல்லெண்ணெய் ஊத்தி பெசைங்க, சாயங்காலம் சுண்டல்.

இங்க ஒரு சங்கடம் இருக்கு, நம்ம போர் தண்ணில பயறு வேகாது. மூணு மணி நேரம் ஊற வச்சு அஞ்சு விசில் விட்டும் கொண்டக்கடலை கல்லு மாதிரி குக்கர்ல உருளும், நான் மொத வருஷம் குக்கர தான் கொற சொல்லிட்டு கேஸ்கட் மாத்துனேன், அப்புறம் வெயிட் மாத்துனேன். கொழா தண்ணில, காவிரி தண்ணி தான், அதுல வேக வச்சுப் பாத்தா வெண்ணெ மாதிரி மசியுது. கொடத்துல புடிச்சு வச்ச குடி தண்ணி குடிக்கவே கணக்கா இருக்கும்னு தெரியும், இருந்தாலும் பயறு ஊற வைக்கவும் வேக வைக்கவும் ஒரு சொம்பு அதுல இருந்து எடுத்துருங்க. ராத்திரி முழுக்க ஊறணும், ஊறுன தண்ணிய கீழ ஊத்திருங்க. மொளகட்டுனா இன்னும் நல்லது, இரும்புச்சத்து ஒடம்புல சேர்றதுக்கு தடையா இருக்குற பைட்டேட் கொறஞ்சிரும்.

இரும்புச்சத்துல ஒரே ஒரு வழக்கத்த மாத்துனா போதும், அது டீ. சாப்பிட்ட கையோட டீ குடிக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல பள்ளிக்கூடம் போற புள்ளைக்கு வரைக்கும் இருக்கு, செடில இருந்து வர்ற இரும்ப டீ சேர விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. அதுக்கு பதிலா சோத்தோட எலுமிச்சை, நெல்லிக்காய், மாங்கா ஏதாவது புளிப்பு வச்சா நல்லா சேரும். புளிக்குழம்ப இரும்புச்சட்டில வச்சா குழம்புலயே கொஞ்சம் இரும்பு எறங்கும், கொதிச்சதும் வேற பாத்திரத்துக்கு மாத்திருங்க, விட்டு வச்சா கருத்துப்போயி புள்ளைங்க தொடாது. கருப்பட்டில இரும்பு கொட்டிக் கெடக்குன்னு நம்ம பக்கம் எல்லாரும் சொல்லுவோம், நானும் பனங்காட்டு பக்கத்துல பொறந்தவ தான், இருந்தாலும் சொல்றேன், அதுவும் சக்கரை தான், உளுந்தங்களிக்கு போடுற அளவோட நிப்பாட்டுங்க. கால்சியத்துக்கு கேப்பை இருக்கு, நூறு கிராம்ல 350 மில்லிகிராம் பக்கம், முருங்கைக்கீரைலயும் முன்னூறு தேறும், தோலு போகாத எள்ளுல அதெல்லாத்துக்கும் மேல. முருங்கை நம்ம மணல்ல ஒரு கொப்ப ஒடிச்சு நட்டா போதும்.

வைட்டமின் டிக்கு வெயில், அது நமக்கு பஞ்சமில்ல, ஆனா வீட்டுக்குள்ளயே இருக்குறவங்க டெஸ்ட் எடுத்து பாத்துக்கங்க. ஒமேகா 3க்கு ஆளி விதைய வறுத்துப் பொடிச்சு இட்லிப்பொடியோட கலந்துருங்க, முழுசா போட்டா அப்படியே வெளிய போயிரும்.

சின்னப் புள்ளைங்க விஷயம் தான் உண்மையிலயே கவனமா இருக்க வேண்டியது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அந்தப் பால்ல பி12 இருக்கணும்னா அம்மா ஒடம்புல இருக்கணும். அம்மாவுக்கு இல்லாமப் போயி புள்ள தலை நிக்காம, சிரிச்ச புள்ள சிரிக்காம, கை கால் நடுங்குற வரைக்கும் போன கேஸ் நம்ம நாட்லயே நெறையா இருக்கு. எங்க நாத்தனா சென்னைல வேலை பாக்கும்போது வீகனா மாறுனவ, பிரசவத்துக்கு இங்க வந்தா, நான் மொத நாளே கேட்டது மாத்திரை கொண்டு வந்தியாடின்னு தான். ஒமேகா 3க்கும் மீனெண்ணெய்க்கு பதிலா பாசில இருந்து எடுக்குற கேப்சூல டாக்டரே எழுதிக் குடுத்தாங்க, மீனுக்கே அது பாசில இருந்து தான வருது.

ஆறு மாசத்துக்கு மேல சோறு ஊட்டும்போது நம்ம தப்பு என்னன்னா தண்ணியா பருப்புத்தண்ணி, கீரைத்தண்ணின்னு குடுக்குறது. அதுங்க வயிறு கையளவு, அந்த எடத்த தண்ணி நெரப்பிரும். பருப்பும் சோறும் கொழைய வேக வச்சு கெட்டியா மசிச்சு ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விடுங்க, எள்ளு, வேர்க்கடலை நைசா அரைச்சு கலந்துக்கங்க, நாலஞ்சு வயசு வரைக்கும் முழுக் கடலை மட்டும் வேணாம், தொண்டைல அடைச்சிரும். அங்கன்வாடி சத்துமாவ வேஸ்ட் பண்ணாதீங்க. வீகன் வீடுன்னா ஒரு வயசுக்குள்ள தேங்காப்பாலயோ சோயாப்பாலயோ தாய்ப்பாலுக்கு பதிலா குடுக்கக் கூடாது, தாய்ப்பால் பத்தலன்னா டாக்டர் சொல்ற ஃபார்முலா தான். எடையும் ஒயரமும் தவறாம குறிச்சு வைங்க.

பள்ளிக்கூடத்துல சத்துணவுல முட்டை வேணாங்கிற புள்ளைங்களுக்கு வாழப்பழம் குடுப்பாங்க, சேர்க்கும்போதே சொல்லிருங்க. முட்டைக்கு பழம் ஈடு கெடையாது, அதனால அன்னைக்கு சாயங்காலம் எங்க வீட்ல கண்டிப்பா சுண்டல். விசேஷ வீடுன்னா நெய்ச்சோறு சாப்பிடலாம்னு ஒக்காருவோம், பக்கத்துல ஊத்துற தால்சா பாக்க காய்கறி மாதிரி தான் இருக்கும், கிண்டுனா எலும்பு வரும், வெக்கப்படாம கேட்டுருங்க.

ருசி? மீன் சாப்பிட்டு வளந்த நாக்கு சாம்பார்ல அடங்காது, அது எனக்கு நல்லாத் தெரியும். மீனுக்கு அரைக்கிற அதே மசாலாவ, நம்ம முண்டு மொளகா, மல்லி, சீரகம், சின்ன வெங்காயம், தேங்கா வச்சு அரைச்சு, புளி தூக்கலா விட்டு வாழக்காயும் மாங்காயும் போட்டு வைங்க, மறுநாள் பழைய சோத்துக்கு ஊத்திப் பாருங்க. எங்கம்மா வந்து சாப்பிட்டுட்டு இதுல ரெண்டு துண்டு சீலா மீன் கெடந்தா எப்படி இருக்கும்னு இன்னமும் சொல்லும். போகும்போது ஒரு பேப்பர்ல நெத்திலிக் கருவாடு சுத்தி அரிசி டப்பாவுக்குப் பின்னால வச்சுட்டுப் போகும், பேத்திக்கு தெம்பு இல்லன்னு. நான் அத திருப்பி அனுப்புறதில்ல, அடுத்த வீட்டு மதினிக்கு குடுத்துட்டு, அம்மாட்ட பொண்ணோட ரத்த ரிப்போர்ட்ட படிச்சுக் காட்டிருவேன்.

புதுசா மாறுறவங்க ஏப்ரல் 15ல ஆரம்பிங்க. அன்னைல இருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் தான், வெலையும் ஏறிக் கெடக்கும், அக்கம்பக்கமே பாதி சைவம், யாரும் ஒங்கள கேள்வி கேக்க மாட்டாங்க. ஜூன் நடுவுல தடை முடியும். போட்டெல்லாம் கெளம்புற அன்னைக்கு ஊரே ஜெட்டில நிக்கும், எங்க வீட்டு ஆளுங்க மட்டும் லேப் வாசல்ல நிப்போம், வருஷா வருஷம் பி12, ஹீமோகுளோபின் பாக்குறது அன்னைக்குத்தான், தேதி மறக்கவே மறக்காது.