ஐப்பசி மழையிலும் கட்டி தட்டாத காபித் தூள் பாக்கெட்

வறுத்து அரைத்த சூட்டோடு பையில் அடைக்காதீர்கள். தூளிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். வால்வு இல்லாத பை உப்பிக்கொள்ளும். தட்டில் பரப்பி ஆற்றினால் மணம் போய்விடும். மூடிய டின்னில் சில மணி நேரம் வைத்து அடைப்பதே மேல். வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத ஒருவழி வால்வுப் பை என்றால் அவ்வளவு காக்க வேண்டாம். ஆனால் வால்வின் உட்புறம் வடிதாள் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கும்பகோணம் ஃபில்டருக்கு அரைக்கிற தூள் புகுந்து, வால்வு மூடாமல் நின்றுவிடும்.

பை மூன்றடுக்காக இருக்கட்டும்: வெளியே பாலியெஸ்டர், நடுவே அலுமினியத் தாள், உள்ளே பாலித்தீன். சிக்கரி ஈரத்தை இழுக்கும். மழை நாளில் முன்கூட்டியே கலந்து வைக்காமல், அடைக்கும்போது கலக்குங்கள். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இரண்டின் சதவீதமும் லேபிளில் வர வேண்டும்.

கசிவெல்லாம் பெரும்பாலும் வாய்ப்பகுதியில்தான். அங்கே தூள் ஒட்டினால் சீல் பிடிக்காது. நீளக் கழுத்துப் புனலால் கொட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, 10 மி.மீ. அகலத்துக்கு சீல் போடுங்கள். இழுத்தால் பிரிகிறதா, சூடு போதவில்லை. சுருங்கிக் கருகுகிறதா, அதிகம். ஒரு பையைத் தண்ணீரில் அமுக்குங்கள்: வால்வில் குமிழி வரலாம், சீலில் வரக்கூடாது.