கொடியில் கழுகைப் பார்த்தால் எந்த நாடு என்று கண்டுபிடிப்பது எப்படி?

கால்பந்து உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் வீட்டுப் பிள்ளைகள் டிவியைக் காட்டி "இது எந்த நாடு?" என்று கேட்பார்கள். கொடியிலோ சட்டையிலோ ஒரு கழுகு இருக்கும், நாமும் குத்துமதிப்பாக ஒரு பெயரைச் சொல்லி மாட்டிக்கொள்வோம். முதலில் தலையை எண்ணுங்கள், அப்புறம் காலைப் பாருங்கள், கடைசியாக உச்சந்தலை. இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் தப்பாது.

இரண்டு தலை இருந்தால் ஐரோப்பாவின் கிழக்குப் பக்கம் போய்விடுங்கள். ஒரு காலத்தில் இன்றைய இஸ்தான்புல்லைத் தலைநகராக வைத்திருந்த பைசாந்தியப் பேரரசின் கழுகு அங்கே பல நாடுகளுக்குப் பங்காளிச் சொத்து மாதிரி. சிவப்புத் துணியில் கறுப்பாக இருந்தால் அல்பேனியா, சிவப்புக் கேடயத்துக்குள் வெள்ளையாக இருந்தால் செர்பியா, பொன்னிறமாக இருந்தால் மான்டினீக்ரோ. ரஷ்யாவின் சின்னத்திலும் இரட்டைத் தலை உண்டு, ஆனால் தேசியக் கொடியில் கிடையாது.

அல்பேனியர்கள் இதைக் கையாலேயே செய்து காட்டுவார்கள். கரண்ட் போன ராத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவரில் பறவை காட்டுவோமே, கிட்டத்தட்ட அதேதான்: உள்ளங்கைகள் நெஞ்சைப் பார்க்க, கைகளைக் குறுக்காக வைத்து, கட்டைவிரல்களைக் கோத்துக்கொண்டு மற்ற விரல்களை விரித்தால் இரண்டு சிறகு வந்துவிடும். 2018 உலகக் கோப்பையில் செர்பியாவை சுவிட்சர்லாந்து 2-1 என்று வென்ற ஆட்டத்தில் சுவிஸ் வீரர்கள் ஜாக்காவும் ஷகீரியும் கோல் போட்டுவிட்டு இதைத்தான் காட்டினார்கள். இருவருமே கொசோவோ அல்பேனியக் குடும்பத்துப் பிள்ளைகள், முன்பு செர்பியாவோடு இருந்த கொசோவோ இப்போது தனி நாடு என்பதைச் செர்பியா இன்றுவரை ஏற்கவில்லை, அதனால் அது அரசியல் ஆகிவிட்டது. ஃபிஃபா ஆளுக்கு 10,000 சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டது. அழகாக இருக்கிறதே என்று செர்பிய நண்பர் முன்னால் செய்து பார்க்காதீர்கள்.

ஒரே தலையா? காலுக்கு வாருங்கள். கள்ளிச்செடியில் நின்றுகொண்டு பாம்பைப் பிடித்திருந்தால் மெக்சிகோ. அப்படி ஒரு கழுகைக் கண்ட இடத்தில்தான் அந்த மண்ணின் பழைய மக்களான ஆஸ்டெக்குகள் தெனோச்சித்லான் நகரத்தைக் கட்டினார்கள் என்பது கதை, இன்றைய மெக்சிகோ நகரம் அதன் மேல்தான் இருக்கிறது. ஒரு காலில் ஒலிவக் கிளை, இன்னொன்றில் 13 அம்பு என்றால் அமெரிக்க முத்திரை. நமக்கு இடப்பக்கம் தெரிவது அதன் வலது கால், இதில் குழம்பாதவர்கள் குறைவு. அந்த முத்திரை 1782லேயே வந்துவிட்டது, ஆனால் பறவைக்குச் சட்டப்படி 'தேசியப் பறவை' பட்டம் கிடைத்தது 2024 டிசம்பரில்தான்! ஆங்கிலத்தில் bald eagle என்பதால் அதைத் தமிழில் 'வழுக்கைக் கழுகு' என்று எழுதாதீர்கள், அதன் தலை நிறைய வெள்ளை இறகு. வெண்தலைக் கழுகு என்பதுதான் பொருத்தம்.

காலில் எழுத்துள்ள நாடாவும் நெஞ்சில் கேடயமும் இருந்தால் இந்தோனேசியா. அது கழுகு இல்லை, நம் கருடனேதான். பொறுமை இருந்தால் இறகை எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொரு சிறகிலும் 17, வாலில் 8, கேடயத்துக்குக் கீழே 19, கழுத்தில் 45. சேர்த்துப் படித்தால் அவர்கள் சுதந்திரத்தை அறிவித்த 17.8.1945.

உச்சந்தலைச் சோதனை போலந்துக்காகவே வைத்தது. சிவப்பில் வெள்ளைக் கழுகு, தலையில் பொன் கிரீடம். கம்யூனிஸ்ட் ஆட்சி அந்தக் கிரீடத்தைக் கழற்றிவிட்டது, 1990ல் திரும்ப வைத்தார்கள். அதனால் கிரீடம் இல்லாத பழைய நாணயம் கையில் கிடைத்தால் அதன் காலத்தைச் சொல்லிவிடலாம். 2011ல் கால்பந்துச் சட்டையிலிருந்து கழுகை எடுத்துவிட்டு சங்கத்தின் சின்னத்தைப் போட்டுப் பார்த்தார்கள், ரசிகர்கள் விடவில்லை, சில வாரத்திலேயே கழுகு திரும்பி வந்தது. ஜெர்மனியின் கழுகு கறுப்பு, அலகும் நகமும் சிவப்பு, கிரீடம் கிடையாது.

சறுக்கும் இடம் ஒன்று பாக்கி: நைஜீரிய அணியின் பெயர் சூப்பர் ஈகிள்ஸ், ஆனால் கொடியில் கழுகைத் தேடினால் பச்சை, வெள்ளை, பச்சை மட்டும்தான் இருக்கும். அவர்கள் கழுகு அரசுச் சின்னத்தில் இருக்கிறது, சிவப்பு நிறத்தில்.