நிமிடம் சொல்லாதீர்கள், எண்ணிக்கை சொல்லுங்கள்

விளையாட்டை விட்டு வர மறுக்கும் சின்னப் பிள்ளையிடம் "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்பதற்குப் பதில், "இன்னும் மூணு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம், சரியா?" என்று சொல்லிப் பாருங்கள். நாலைந்து வயது வரை நிமிடக் கணக்கு பிள்ளைகளுக்குப் பிடிபடாது. மூன்று சறுக்கு என்றால் விரல் மடக்கி எண்ணிவிடலாம். கடைசித் தடவையும் தானே ஏறி, தானே இறங்கி முடிப்பதால், பாதியில் பிடித்து இழுத்துப் போகிறார்கள் என்ற ஆத்திரமும் குறையும்.

ஆனால் மூன்று என்றால் மூன்றுதான். கெஞ்சலுக்கு இரங்கி நாலாவது தந்தால், அப்புறம் உங்கள் எண்ணிக்கைக்கு மதிப்பிருக்காது.

பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ இருக்கும் பிள்ளையிடம் இது எடுபடாது; பேசாமல் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வீடியோக்களிலும், அந்த வசதியை அணைத்து வைத்தால்தான் இந்த எண்ணிக்கை பலிக்கும்.