டி4 ஆடப் போறவங்க முந்தின நாள் ராத்திரி பார்க்க வேண்டியவை

நாளைக்கு மாவட்டச் செஸ் சாம்பியன்ஷிப், வெள்ளைக் காய் கிடைத்தால் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை டி4 கட்டத்துக்குத் தள்ளுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி, அதற்காக விடிய விடிய வேரியேஷன் (நகர்வு வரிசைகள்) மனப்பாடம் செய்ய வேண்டாம். எதிராளி சிப்பாயை டி5-க்கு, நீங்கள் இன்னொரு சிப்பாயை சி4-க்கு. அதற்கப்புறம் வரும் இரண்டு இடங்களை மட்டும் போர்டில் வைத்துப் பாருங்கள்.

முதலில், அவர் சி4 சிப்பாயை வெட்டிவிட்டால் பதறாமல் இ3 ஆடுங்கள். கிடைத்த சிப்பாயை விட மனசில்லாமல் பி5 வைப்பவர்கள் உண்டு. நீங்கள் ஏ4, அவர் சி6, நீங்கள் பி5-இல் வெட்ட அவர் சி6 சிப்பாயால் திருப்பி வெட்டுவார், உடனே ராணியை எஃப்3-க்குக் கொண்டு வாருங்கள். ஏ8 யானை வரைக்கும் மூலைவாட்டில் ஒரு காய் கிடையாது! யானையைக் காப்பாற்ற அவர் குதிரையையோ மந்திரியையோ கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது நம்மைக் கவிழ்ப்பது. நானே விழுந்திருக்கிறேன், அதுவும் முதல் ரவுண்டில். அவர் சி4-ஐ வெட்டாமல் சிப்பாயை இ6-க்கு, நீங்கள் குதிரை சி3, அவர் குதிரை எஃப்6, நீங்கள் மந்திரி ஜி5, அவர் இன்னொரு குதிரையை டி7-க்கு எடுக்கிறார். டி5-இல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டதும், எஃப்6 குதிரை நகர்ந்தால் ராணி போய்விடுமே, அது கட்டுண்டு கிடக்கிறது என்று நினைத்து டி5 சிப்பாயைக் குதிரையால் எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். அவர் ராணியைப் பற்றிக் கவலைப்படாமல் உங்கள் குதிரையை வெட்டுவார், நீங்கள் ராணியை வெட்டினால் மந்திரி பி4-இல் வந்து செக். மறைக்க உங்கள் ராணியை விட்டால் ஆளில்லை, கணக்குப் பார்த்தால் ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை போயிருக்கும். யானைப் பொறி (எலிஃபன்ட் டிராப்) என்று இதற்குப் பெயர். பேசாமல் இ3 ஆடிவிட்டு மந்திரியை டி3-க்கு எடுத்து, குதிரையை வெளியே கொண்டுவந்து கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்யுங்கள்.

நேரம் இருந்தால் 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் குகேஷ் டிங் லிரெனை வென்ற மூன்றாவது ஆட்டத்தைப் பாருங்கள். அதுவும் டி4 தான், டி5-இல் சிப்பாய்கள் வெட்டிக்கொள்ளும் வகை. டிங்கின் மந்திரி சி2-இல் போய் மாட்டிக்கொண்டது, கடைசியில் 37-வது நகர்வில் அவருக்குக் கடிகாரத்தில் நேரமும் தீர்ந்துபோனது.

கேஸ்லிங் செய்யும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையில் கை வைத்துவிட்டால் ஆர்பிட்டர் (நடுவர்) யானையைத்தான் நகர்த்தச் சொல்வார்.