வைப்பர் (Viper) கார் அலாரத்துக்குப் புது ரிமோட்: நீங்களே பதிவது எப்படி?

அமெரிக்காவில் பழைய கார் வாங்கினால், சாவியோடு பெரும்பாலும் ஒரே ஒரு அலாரம் ரிமோட்தான் வரும். அதிலும் பட்டன் ரப்பர் கிழிந்திருக்கும். அது காரோடு வந்த ரிமோட்டாக இல்லாமல், பிறகு கடையில் பொருத்திய வைப்பர், பைத்தான், அவிட்டல் போன்ற அலாரமாக இருந்தால் (மூன்றும் டைரக்டட் நிறுவனத்தின் பிராண்டுகள்) புது ரிமோட்டைப் பதிய எந்தக் கருவியும் வேண்டாம். கார் சாவி, ஒரு டார்ச், இரண்டு கை போதும்.

முதலில் ரிமோட் வாங்குவது. வெளித்தோற்றத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே உறைக்குள் வேறு வேறு சர்க்யூட் இருக்கும். பழைய ரிமோட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் எஃப்சிசி எண் (அமெரிக்காவில் ரேடியோ கருவிகளுக்குத் தரும் அடையாள எண், FCC ID) அச்சிட்டிருக்கும். டைரக்டட் ரிமோட் என்றால் அது பெரும்பாலும் இ-இசட்-எஸ் (EZS) என்று தொடங்கும். அந்த எண் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். 'எல்லா காருக்கும் பொருந்தும், பழைய ரிமோட்டைக் காட்டினால் காப்பி அடிக்கும்' என்று விற்கும் மலிவு ரிமோட்டுகள் இங்கே உதவாது. அவை மாறாத குறியீட்டைத்தான் நகலெடுக்கும். கார் அலாரமோ ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதுக் குறியீட்டை எதிர்பார்க்கும். புது போலி ரிமோட்டைவிட, யாரோ பயன்படுத்திய அசல் ரிமோட் எவ்வளவோ மேல்.

பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுங்கள். பட்டன் பேட்டரிகளில் 2016, 2032 இரண்டும் 3 வோல்ட், இரண்டும் 20 மி.மீ. அகலம்தான், ஆனால் 2016-இன் தடிமன் 1.6 மி.மீ., 2032-இன் தடிமன் 3.2 மி.மீ. மாற்றிப் போட்டால் ஒன்று தொடாது, மற்றொன்றுக்கு மூடி மூடாது.

அடுத்து வேலட் பட்டனை, அதாவது அலாரத்தைத் தற்காலிகமாக முடக்கவும் ரிமோட்டைப் பதியவும் காருக்குள் பொருத்தியிருக்கும் பட்டனை, தேட வேண்டும். பாதி நேரம் இதற்கே போகும். புது மாடல்களில் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஆன்டெனாப் பெட்டியிலேயே சின்னப் பட்டன் இருக்கும். பழையவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே, ஃபியூஸ் பெட்டி மூடிக்குப் பின்னால், கையுறைப் பெட்டிக்குள் என்று பொருத்தியவர் மனம்போல ஒளித்திருப்பார். எங்கும் இல்லையென்றால் அலாரம் பெட்டியைக் கண்டுபிடித்து, அதில் நீல நிற இரண்டு பின் சாக்கெட்டைப் பாருங்கள். வேலட் கம்பி அங்கிருந்துதான் கிளம்பும். அதைப் பின்தொடர்ந்தால் பட்டன் வந்துவிடும். சில கார்களில் பட்டனைப் பொருத்தாமல் கம்பியை அப்படியே சுருட்டி டேப் அடித்திருப்பார்கள்.

இனி பதியும் வேலை:

1. ஓட்டுநர் கதவைத் திறந்தே வையுங்கள். கடைசிவரை மூடக் கூடாது.
2. இக்னிஷனை ஆன் செய்யுங்கள். எஞ்சினைக் கிளப்ப வேண்டாம்.
3. வேலட் பட்டனை ஒரு முறை அழுத்தி விடுங்கள். உடனே மறுபடி அழுத்தி, இம்முறை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.
4. சைரன் ஒரு 'கீச்' போடும், எல்இடி ஒரு முறை மின்னும். பட்டனை விடாமலே புது ரிமோட்டின் பூட்டும் பட்டனை அழுத்துங்கள்.
5. சைரன் மறுபடி கீச்சிட்டால் பதிந்துவிட்டது. இப்போது வேலட் பட்டனை விடலாம். இக்னிஷனை அணையுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது மூன்றாவது படியில்தான். முதல் அழுத்தலையே பிடித்துக்கொண்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்பார்கள். இந்த அலாரத்தில் அழுத்தி விடும் எண்ணிக்கை சேனலை (ரிமோட் பட்டனுக்கு என்ன வேலை என்பதைக் குறிக்கும் எண்ணை) தேர்ந்தெடுக்கிறது. அதற்கு மேல் ஒரு அழுத்தல், பிடித்துக்கொள்வது, தேர்வை உறுதி செய்கிறது. முதல் சேனலுக்கு 'தட்டு, பிறகு பிடி'. இரண்டாவதற்கு 'தட்டு, தட்டு, பிடி'. கேட்ட கீச் எண்ணிக்கையும் சேனல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு கீச் கேட்டால் தவறான சேனலில் இருக்கிறீர்கள்; இக்னிஷனை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். சாதாரண ரிமோட்டுக்கு முதல் சேனல் ஒன்றே போதும், பூட்டு, திறப்பு, டிக்கி எல்லாப் பட்டனையும் அதுவே வழக்கமான முறையில் ஒதுக்கிவிடும்.

நீளமாக ஒரு கீச் வந்தால், அலாரம் பதியும் நிலையிலிருந்து வெளியேறிவிட்டது என்று பொருள். கதவு மூடியிருக்கும், இக்னிஷன் அணைந்திருக்கும், பட்டனை அதிகம் தட்டியிருப்பீர்கள், அல்லது படிகளுக்கு இடையே 15 விநாடி கடந்திருக்கும். புது மாடல்களில் அவகாசம் இன்னும் குறைவு. அதனால் ரிமோட்டை முன்னாலேயே இடது கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சத்தமே வராவிட்டால் கதவு சுவிட்சைச் சந்தேகியுங்கள். கதவு திறந்திருப்பது உங்களுக்குத் தெரிந்தால் போதாது, அலாரத்துக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்விளக்கு எரிகிறதா பாருங்கள். ஓட்டுநர் கதவுக்கு எரியாமல் பின்கதவுக்கு எரிந்தால், பின்கதவைத் திறந்து வைத்து முயலுங்கள். புஷ் ஸ்டார்ட் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும். ஒரு அழுத்தலில் ரேடியோ மட்டும் உயிர் பெறும், அலாரத்துக்கு அது இக்னிஷன் ஆகாது.

ரிமோட்டே இல்லாமல் அலாரம் அலறிக்கொண்டிருந்தால்: சாவியால் கதவைத் திறந்து, இக்னிஷனை ஆன் செய்து, வேலட் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். இத்தனை முறை அழுத்த வேண்டும் என்று ரகசிய எண்ணிக்கை எதுவும் அமைக்காத வரை அதில் அடங்கிவிடும்.

பழைய ரிமோட் திருடு போயிருந்தால் புதியதைச் சேர்த்தால் மட்டும் போதாது, திருடனிடம் இருப்பதும் வேலை செய்துகொண்டே இருக்கும். பல பழைய மாடல்களில் 9-ஆவது சேனல் எல்லா ரிமோட்டையும் அழிக்கும்: ஒன்பது முறை தட்டி, பத்தாவதைப் பிடித்து, ரிமோட் பட்டனை அழுத்த வேண்டும். உங்கள் மாடலின் பொருத்துக் கையேட்டில் அந்த எண்ணைச் சரிபார்த்த பிறகே செய்யுங்கள். அதற்குப் பின் கையில் உள்ள ஒவ்வொரு ரிமோட்டையும் மறுபடி பதிய வேண்டும்.

ரிமோட் ஸ்டார்ட் வசதி உள்ள அலாரம் என்றால், பட்டன்களைச் சோதிக்கும்போது கியர் பார்க்கில் இருக்கட்டும், கராஜ் கதவு திறந்திருக்கட்டும். தெரியாமல் அழுத்திய பட்டன் எஞ்சினைக் கிளப்பிவிட்டால் மூடிய கராஜில் கார்பன் மோனாக்சைடு தேங்கும்.

பின்குறிப்பு: பதிந்த பிறகு 'பூட்டுகிறது, திறக்கிறது, ஆனால் காரை அசைத்தாலும் சைரன் இல்லை' என்று பலர் கேட்கிறார்கள். எல்இடி மின்னாமல் தொடர்ந்து எரிந்தால் அலாரம் வேலட் நிலையில் (சைரனை முடக்கி வைக்கும் நிலையில்) இருக்கிறது, பட்டனோடு விளையாடியதில் மாறியிருக்கும். இக்னிஷனை ஆன் செய்து அணைத்து, 10 விநாடிக்குள் வேலட் பட்டனை ஒரு முறை அழுத்தி விட்டால் எல்இடி அணைந்துவிடும்.