ஏசி ஃபிளாப் நின்றுவிட்டதா? தள்ளுவதற்கு முன் இதைப் பாருங்கள்

ஸ்பிலிட் ஏசியில் காற்றை மேலும் கீழும் திருப்பும் அந்த நீளமான பிளாஸ்டிக் பட்டை பாதியில் நின்றுவிட்டால், எல்லாருக்கும் முதலில் வருவது அதைக் கையால் தள்ளும் யோசனைதான். நானும் தள்ளினேன். 'கடக்' என்றது. அழுக்கால் நின்றிருந்த ஃபிளாப்புக்குப் புது மோட்டார் வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் சின்ன மோட்டாருக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் ரொம்ப மெல்லியவை.

முதலில் ரிமோட்டில் ஸ்விங் பட்டனை அழுத்திப் பாருங்கள். யாராவது ஸ்விங்கை நிறுத்தி வைத்திருக்கலாம். உள்ளே இருக்கும் செங்குத்துத் தகடுகள் அசையவில்லை என்றால் கவலை வேண்டாம். பல மாடல்களில் அவற்றைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

சரி, ஸ்விங் ஆனில் இருந்தும் அசையவில்லை. இப்போது ஏசியை நிறுத்தி, எம்சிபியையும் (ஏசிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் சுவிட்ச்) ஆஃப் செய்யுங்கள். உள்ளே ஃபேன் முழுக்க நின்றபின் ஃபிளாப்பை இரண்டு விரலால் மெதுவாகத் திறந்து, நடுப்பகுதியை வில் போல லேசாக வளையுங்கள். நடுவில் உள்ள 'பின்' (சின்னக் குச்சி) கொக்கியிலிருந்து விடுபடும். பிறகு மோட்டார் இல்லாத முனை, கடைசியாக மோட்டார் பக்கம் கழற்றுங்கள். மோட்டார் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான சோதனை. ஃபிளாப் இல்லாமலே ஏசியை ஆன் செய்து ஸ்விங் கொடுங்கள். கையை உள்ளே விடாமல், டார்ச் அடித்து மோட்டாரின் தண்டை மட்டும் பாருங்கள்.

தண்டு சத்தமில்லாமல் சுற்றுகிறதா? அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது, குற்றவாளி ஃபிளாப்தான். முனைகளில் பிசுபிசுத்த தூசி, வளைந்த பட்டை, உடைந்த 'பின்', சில வீடுகளில் ஒரு பல்லி! பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், சீக்கிரமே தூசியைக் கூட்டிவந்து ஒட்டிவிடும்.

தண்டு சுற்றாமல் 'டக் டக்' என்று துள்ளினால் பெரும்பாலும் உள்ளே பல் உடைந்திருக்கும். அதை ஒட்டவைக்க முயல்வது வீண், மோட்டாரையே மாற்றுங்கள்.

சத்தமும் இல்லை, அசைவும் இல்லையா? மறுபடி எம்சிபியை ஆஃப் செய்து, முன் கவரைக் கழற்றி மோட்டார் கனெக்டரை உருவுங்கள். பெரும்பாலும் ஐந்து வயர் இருக்கும். பொது வயர், அநேகமாகச் சிவப்பு, அதற்கும் மற்ற நான்குக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) நன்றாகவே இருக்கிறது. ஒன்று எதுவுமே காட்டாவிட்டால் மோட்டார் போய்விட்டது. காயில் சரியாக இருந்து, கனெக்டரை அழுத்தி மாட்டியும் ஓடவில்லை என்றால் சந்தேகம் பிசிபி (ஏசியின் சர்க்யூட் போர்டு) மேல் திரும்பும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இன்வெர்ட்டர் ஏசி போர்டுகளில் பவரை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கரன்ட் தேங்கி நிற்கலாம்.

புது மோட்டார் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். லேபிளில் 12 வோல்ட் என்று பொருந்தினால் மட்டும் போதாது. தண்டின் வடிவம், வயர் நீளம், கனெக்டர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். மாட்டுவது சுலபம், பொதுவாக இரண்டே ஸ்க்ரூ.

எல்லாம் மாட்டி ஆன் செய்தவுடன் ஃபிளாப் மூடும் திசையில் முட்டி ஓரிரு நொடி 'டிக் டிக்' என்றால் பயப்படாதீர்கள். போர்டு ஃபிளாப்பின் ஆரம்ப இடத்தைத் தேடுகிறது, அவ்வளவுதான்.